மேல் இடது மூலை

அது தவறு, சார்.

மன்னிக்கவேண்டும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு உங்கள் பத்திரிகையை எட்டிப் படித்தது என் குற்றம்தான். ஆனால் அதைவிடப் பெரிய குற்றம் அந்தத் தலையங்கத்தின் மூன்றாவது பத்தியில் நடந்திருக்கிறது. ‘யதார்த்த அரசியலின் தந்தை பிஸ்மார்க்’ என்று போட்டிருக்கிறான். நாட்டில் ஆற்று மணலைக் கூடத் திருடுகிறார்கள், பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் இப்படி ஒரு பொய்யை அச்சடித்துக் காலைக் காபியோடு வீட்டுக்கு வீடு போடுவதை எந்தச் சமுதாயம் பொறுக்கும்?

அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் பிஸ்மார்க் இல்லை. ‘ரியால்பொலிட்டீக்’ என்பது ஜெர்மன் சொல். உண்டாக்கியவர் ஒரு பத்திரிகைக்காரர். அவர் பெயரை விடுங்கள், வாயில் நுழையாது. முப்பத்தோரு வருடம் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திய நானே அதை மூன்று விதமாக உச்சரித்திருக்கிறேன், ஒரு பையனும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் இளைஞராக இருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து ஒரு காவல் கொட்டடியின்மேல் பாய்ந்து புரட்சி செய்யப் பார்த்தார். ஊரே திரண்டு பின்னால் வரும் என்று நினைத்தார்கள். ஊர் ஜன்னலைச் சாத்திக்கொண்டது. ஆயுள் தண்டனை. சிறையிலிருந்து தப்பி பிரான்ஸுக்கு ஓடினார். அப்புறம் 1848இல் ஐரோப்பா முழுக்க ஒரு பெரிய எழுச்சி. அதுவும் படுத்துவிட்டது. 1853இல் அந்த மனிதர் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். நியாயம் நம் பக்கம்தானே இருந்தது, பிறகு ஏன் தோற்றோம்?

அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது பிறந்த சொல் அது, சார். விடை என்ன என்றால், நியாயம் வேறு, பலம் வேறு. ஆளப்போவது யார் என்பதை நியாயம் முடிவு செய்யாது, பலம்தான் முடிவு செய்யும். ஆகவே யார் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று முதலில் கணக்கெடு, ஆசைப்படுவதைப் பிறகு வைத்துக்கொள். அவ்வளவுதான். ஜெயித்தவன் கண்டுபிடித்த சொல் இல்லை இது. தோற்றவன் கண்டுபிடித்தது. ஜெயித்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஜனங்கள் மனதில் ஊன்றிப்போன நம்பிக்கையும் ஒரு பலம்தான், அதைக் கணக்கில் சேர்க்காதவனும் ஏமாந்துபோவான் என்று. அது பரீட்சைக்கு வராது. நான் நடத்தியதில்லை.

நீங்கள் எங்கே இறங்கவேண்டும்? கடைசி ஸ்டாப்பா? நானும் அங்கேதான், சில்லோடை விலக்கு. அப்படியென்றால் முக்கால் மணி நேரம் இருக்கிறது. உங்கள் காலில் இடிக்கிற பையைக் கொஞ்சம் தள்ளிக்கொள்கிறேன். பிரஷர் குக்கர். வீட்டில் இருந்ததுதான். என் மனைவிக்கு எடுத்துப் போகிறேன். அவள் இப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் தெற்குச்சுனையில் இருக்கிறாள். தற்காலிகமாக.

நான் எழுதுவதுபோலவே பேசுகிறேன் என்று பலபேர் குறைப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் பட்டுக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் வைகுண்டம். ஊரில் புரபசர் என்பார்கள். ஆறு மாதமாக எனக்கு இன்னொரு பட்டமும் உண்டு, ‘கவுன்சிலர் வீட்டுக்காரர்’. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. என் மனைவி தவமணி சுயேச்சையாக நின்றாள், சீப்புச் சின்னத்தில். இந்தத் தலையை வைத்துக்கொண்டு நான் தெருத் தெருவாகப் போய் சீப்புக்கு ஓட்டுக் கேட்டேன். பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஓட்டும் போட்டார்கள். எனக்காக இல்லை, அது எனக்குத் தெரியும். அவள் இருபத்தெட்டு வருடம் அந்த வட்டாரத்தில் கிராம நர்ஸாக இருந்தவள். அங்கே முப்பது வயதுக்குக் கீழே யாரை நிறுத்திக் கேட்டாலும், ‘என்னை வெளியே எடுத்ததே நர்சம்மாதான்’ என்பான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. சில்லோடையில் ஒரு பாலம். நோட்டீஸில் நான் பதினோரு வாக்குறுதி எழுதிக் கொடுத்தேன். பத்தை அடித்துவிட்டாள்.

இப்போது அங்கே இருப்பது தரைப்பாலம். மழை பெய்தால் மேலே தண்ணீர் ஓடும், நாலு நாளைக்கு யாரும் இந்தப் பக்கமும் வரமுடியாது, அந்தப் பக்கமும் போகமுடியாது. அவள் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், கார்த்திகை மாதம், இசக்கியம்மாள் என்று தெற்குச்சுனைப் பெண். தலைப்பிரசவம். ஆம்புலன்ஸ் இந்தக் கரையில் நிற்கிறது, தவமணி நிற்கிறாள். அந்தக் கரையில் கயிற்றுக் கட்டிலில் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நடுவில் இடுப்பளவு தண்ணீர், ஆளை இழுக்கிற தண்ணீர். இவள் இங்கே இருந்துகொண்டு அந்தப் பெண்ணின் தாய் சுடலைவடிவுக்கு ஒவ்வொன்றாகக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறாள், கையை இப்படி வை, காலைத் தூக்கிப் பிடி, பயப்படாதே என்று. ஓடைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. இரண்டு மணி நேரம். தாயும் போனாள், பிள்ளையும் போனது.

அன்றைக்கு எனக்குக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தவமணிக்குக் குரலே இல்லை. நாலு நாள் பேசவில்லை. நான் தொண்டைப் புண் என்று நினைத்து மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்தாள்.

சரி, கதைக்கு வருகிறேன். ஒன்றியத்தில் பதினைந்து வார்டு. ஏழு ஒரு கட்சிக்கு, ஏழு இன்னொரு கட்சிக்கு. கட்சிப் பெயர் வேண்டாம், இந்தப் பஸ்ஸில் இரண்டுக்கும் ஆள் இருப்பார்கள். ஒன்றியத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கோமதிநாயகம், செங்கல் சூளைக்காரர். மறுபக்கம் லிங்கத்துரை, உரக்கடைக்காரர். ஏழுக்கு ஏழு. நடுவில் ஒற்றை ஓட்டு. நான் முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் போட்ட அதிகாரச் சமநிலை, சார், என் வீட்டுத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் மனநிலையை நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும்.

முடிவு வந்த மறுநாளே கோமதிநாயகம் பழத்தட்டோடு வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, அவன்கிட்ட ஏழு, நம்மகிட்ட ஏழு. நடுவுல நீங்க.”

“நான் இல்லை, தவமணி” என்று முறைப்படி திருத்தினேன்.

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“ஒன்றுதான்” என்றேன்.

“துணைத் தலைவர் பதவி நம்ம தங்கச்சிக்குத்தான். எழுதி வச்சிக்கிடும்.”

தவமணி காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள். “பாலம்?” என்றாள்.

“என்ன தங்கச்சி?”

“சில்லோடைப் பாலம்.”

“ஏ, அது… பாப்போம் தங்கச்சி. மொதல்ல சீட்ல உக்காருவோம்.”

அவள் உள்ளே போன பிறகு அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அண்ணாச்சி, ஒளிவுமறைவு இல்லாம சொல்லுதேன். வேற என்ன வேணும்னாலும் கேளும். பாலம் மட்டும் கேக்காதீரும். பாலம்னா சர்வேக்காரன் வருவான். வந்தா ஓடை எதுவரைக்கும், என் சூளை எதுலருந்துன்னு சங்கிலி போட்டு அளப்பான். எதுக்கு வம்பு?”

எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது, சார். உண்மையாகச் சொல்கிறேன். எத்தனை அரசியல்வாதி தன் நலன் இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லுவான்? லிங்கத்துரையும் வந்தார். பாலமா, போட்டுவிடலாம், பள்ளிக்கூடமா, கட்டிவிடலாம், ஆஸ்பத்திரியா, திறந்துவிடலாம் என்றார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறவனிடம் பேச்சுவார்த்தை நடத்தமுடியாது. கோமதிநாயகத்தோடுதான் உடன்பாடு என்று அன்றே முடிவு செய்தேன்.

தவமணிக்கு விளக்கிச் சொன்னேன். காகிதத்தில் படம் போட்டே சொன்னேன். முதலில் பதவி. பதவி வந்தால் பலம். பலம் சேர்ந்த பிறகு பாலம். இந்த ஐந்து வருடத்தில் எப்போதாவது வந்துவிடும்.

“அஞ்சு வருசத்துல எத்தனை கார்த்திகை வரும்?” என்றாள்.

“ஐந்து” என்றேன்.

“சரி” என்றாள்.

ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் அவள் இப்படித்தான் ஒரு ‘சரி’ சொல்லுவாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

பதவியேற்பு முடிந்த கையோடு எங்கள் பக்கத்து எட்டுப் பேரையும், கூடவே என்னையும் வேனில் ஏற்றிக் குற்றாலம் கொண்டுபோய்விட்டார்கள். ஓட்டெடுப்புக்கு ஐந்து நாள் இருந்தது. இது நம் ஊர் வழக்கம்தானே, யாரும் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்று நாமே முதலில் தூக்கிக்கொண்டு போய்விடுவது. கோமதிநாயகம் ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். “செல்லை எல்லாம் இதுல போடுங்கய்யா. அருவியில நனைஞ்சிரப்படாது பாருங்க.” சீசன் முடிந்து அருவியில் நூல் மாதிரி தண்ணீர். எல்லோரும் போட்டார்கள். தவமணி போடும்போது ஒரு நம்பரை எழுதிக் கொடுத்து, “சுடலைவடிவு கூப்பிட்டா மட்டும் எனக்குச் சொல்லுங்க” என்றாள். “சொல்லுதேன் தங்கச்சி” என்றார். வாளி மாடிக்குப் போய்விட்டது.

அந்த ஐந்து நாளும், சார், என் வாழ்க்கையின் நல்ல நாட்கள். பொய் சொல்ல மாட்டேன். காலையில் எண்ணெய்க் குளியல், மத்தியானம் நாட்டுக்கோழி. சாப்பிட்டு முடித்ததும், “புரபசர் அண்ணாச்சி, அந்த ஜெர்மன்காரன் கதையைச் சொல்லும்” என்பார்கள். வகுப்பில் கூட இப்படிக் கேட்டதில்லை. கோமதிநாயகம் தொடையில் தட்டிக்கொண்டு கேட்பார். “அப்ப நாங்க இத்தனை நாளு பண்ணதுக்கு இங்கிலீஷ்ல பேரு இருக்கா?” “ஜெர்மனில்” என்பேன். “சவத்தை விடும், பேரு இருக்குல்லா.”

தவமணி எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துக் கொடுத்தாள். சமையல்காரர் காலில் ஆறாத புண், அதைத் தினமும் கழுவிக் கட்டுப் போட்டாள். மற்ற நேரம் பால்கனியில் நிற்பாள். மூன்றாம் நாள் மலைமேல் இடி இடித்தது.

“சில்லோடையில தண்ணி வந்திருக்கும்” என்றாள்.

“வராது” என்றேன். “இங்கே பெய்கிற மழை வேறு ஆற்றுக்குப் போகிறது. சில்லோடைக்கு நீர்ப்பிடிப்பு கிழக்கே.” அதற்கும் ஒரு படம் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்த்தாள், திரும்ப மேகத்தைப் பார்த்தாள்.

“போன் வந்துதான்னு கேட்டீங்களா?”

“வந்திருந்தால் சொல்லியிருப்பார்.”

“நீங்க கேட்டீங்களா?”

இப்படி நச்சரிக்கிற பழக்கம் அவளுக்கு முன்பு கிடையாது.

நாலாம் நாள்தான் முக்கியமான நாள். கோமதிநாயகத்துக்கு ஒரு பயம். ரகசிய ஓட்டு. எட்டுப் பேரும் இங்கே கோழி சாப்பிட்டுவிட்டு, உள்ளே போய் ஒருத்தர் மாற்றிப் போட்டுவிட்டால்? யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் யோசித்தார்கள். ஒருவர், சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கலாம் என்றார். அது செய்வோம், ஆனால் போதாது என்றேன் நான். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை எடுத்துக் கட்டம் போட்டேன். ஓட்டுச்சீட்டில் பெயருக்கு நேரே ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் பேனாவால் பெருக்கல் குறி போடவேண்டும். கட்டத்துக்குள் எங்கே போட்டாலும் செல்லும். ஆகவே ஆளுக்கு ஒரு இடம். ஒருவருக்கு மேல் வலது மூலை, ஒருவருக்குக் கீழ் இடது, ஒருவருக்கு நட்ட நடுவில் பெரியதாக, ஒருவருக்கு நடுவில் சின்னதாக. எண்ணும்போது அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டுவார். பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், எட்டும் வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும்.

கோமதிநாயகம் எழுந்து வந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “மூளைன்னா இது மூளைவே! ஒம்ம எதுக்கு காலேஜ்ல போட்டு வீணாக்குனான்?”

தவமணிக்கு மேல் இடது மூலை, சின்னதாக. இருப்பதிலேயே சுலபமான இடம். எழுத ஆரம்பிக்கும்போது கை தானாகப் போகிற இடம். கணவன் என்ற முறையில் அந்தச் சலுகையைச் செய்தேன். எல்லோரும் காகிதத்தில் பழகிப் பார்த்தார்கள். ஒருவர் கட்டத்துக்கு வெளியே இழுத்தார், இன்னொருவர் வலது எது, இடது எது என்று குழம்பினார். தவமணி பத்துத் தடவை போட்டாள். பத்தும் அச்சடித்த மாதிரி ஒரே இடம், ஒரே அளவு. குழந்தைக்கு ஊசி போட்ட கை அல்லவா.

சாயங்காலம் பக்கத்து அம்மன் கோயிலில் சத்தியம். வரிசையாக நின்று எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அணைக்கவேண்டும். தவமணி முறை வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“பிரசவம் பாத்த கை. இதுல வைக்க மாட்டேன்.”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோமதிநாயகம் முகம் மாறியது. “என்ன அண்ணாச்சி?” என்றார்.

“அவளுக்காக நான் வைக்கிறேன். ரெண்டும் ஒன்றுதானே” என்றேன். வைத்தேன். பழக்கமில்லாததால் சீக்கிரம் எடுக்கத் தெரியவில்லை. கொப்புளம் போட்டுவிட்டது. இரவு தவமணிதான் மருந்து தடவினாள். நடுவில் ஒரு தடவை மட்டும், “வலிக்குதா?” என்றாள். “இல்லை” என்றேன். “வலிக்கணும்” என்றாள். நரம்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். அவள் துறைச் செய்தி.

மறுநாள் ஒன்றிய அலுவலகம். வீட்டுக்காரர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. சட்டம் அப்படி. பெண் கவுன்சிலர்களின் கணவன்மார் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம், பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி. ஒருவர் எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் உள்ளே கைதட்டல். நான் எட்டுக்கு ஏழு என்றேன். எட்டுக்கு ஏழுதான். லிங்கத்துரைக்கு எட்டு.

கோமதிநாயகம் வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“மேல் இடது மூலை. சின்னதா. அச்சடிச்ச மாதிரி” என்றார். “லிங்கத்துரை பேருக்கு நேரா.”

நான் ஏழையும் ஒன்றையும் விரல் விட்டு மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

“கையைக் காட்டும்வே.”

காட்டினேன். கொப்புளத்தைப் பார்த்தார். “சுட்டுதா?”

“சுட்டது.”

“சுடத்தான் செய்யும்” என்றார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஊரில் இதற்கு ஆயிரம் பேச்சு. புரபசர் பெண்டாட்டி புருஷனை வைத்தே புருஷனை முடித்துவிட்டாள் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அதுவும் தவறு, சார். நடந்தது என்ன என்றால், அவளுக்குப் படிக்க ஒரு கண்ணாடி, தூரத்துக்கு ஒரு கண்ணாடி. குற்றாலத்தில் அவசரத்தில் மாற்றி எடுத்து வந்திருக்கிறாள். மூலை சரியாக வந்துவிட்டது, வரிசை மாறிவிட்டது. அவ்வளவுதான். சீட்டில் இரண்டே பெயர்தான், பெரிய எழுத்து, அதுவும் உண்மை. ஆனாலும் பதற்றத்தில் யாருக்கும் நடக்கக்கூடியது.

அன்றைக்கே கேட்டேன். லிங்கத்துரை ஆட்கள் மாலையோடு ஓடிவந்தார்கள், அவள் அதை வாங்கி அலுவலக வாசல் ஜன்னலில் தொங்கவிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“கண்ணாடியை மாற்றிப் போட்டுவிட்டாயா?”

“இல்ல. நீங்க சொன்ன மூலையிலதான் போட்டேன்.”

“மூலை சரி. பெயர்?”

“பேரும் பாத்துத்தான் போட்டேன்.”

“லிங்கத்துரை என்ன தருகிறேன் என்றான்?”

“நான் ஒண்ணும் கேக்கல.”

“ஒன்றுமே கேட்காமல் ஓட்டா?” எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. பேரம் பேசாமல் ஒரு ஓட்டைத் தூக்கிக் கொடுப்பதை அரசியலில் எல்.கே.ஜி. பிள்ளைகூடச் செய்யாது. “எதை நம்பிப் போட்டாய்?”

“அந்தாளுக்குச் சூளை இல்ல” என்றாள்.

நான் எதைப் பற்றிக் கேட்கிறேன், அவள் எதைப் பற்றிப் பதில் சொல்கிறாள், பாருங்கள். களைப்பு. ஐந்து நாள் சரியாகத் தூக்கமில்லை.

“அப்படியென்றால் இடத்தையாவது மாற்றிப் போட்டிருக்கலாமே? யார் போட்டது என்று தெரிந்திருக்காதே?”

அதற்கு அவள் நின்று என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒருதரம் இப்படிப் பார்த்திருக்கிறாள், என்ன சமயம் என்று ஞாபகமில்லை. “தெரியட்டும்னுதான்” என்றாள். “இசக்கியோட ஆத்தாவுக்கு அன்னைக்கு நான் இந்தக் கரையில நின்னு கத்துனது பாதி கேக்கல. இதாவது கேக்கட்டும்.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம். சேர்ந்துதான் ஏறினோம்.

லிங்கத்துரை முதல் கூட்டத்திலேயே பாலத்துக்குத் தீர்மானம் போட்டார், அதைச் சொல்லவேண்டும். சர்வேக்காரர்கள் வந்தார்கள், சங்கிலி போட்டார்கள். சூளையில் பாதி ஓடைக்குள் இருந்தது. கோமதிநாயகம் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டார். வழக்கு முடிகிறவரை ஒரு செங்கல் வைக்கமுடியாது. இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே சொன்னேன். பலம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று. நான் சொன்னது நடந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்னது நடந்தது அந்த ஒரு தடவைதான். அதை வீட்டில் யாரிடம் சொல்லுவது?

ஏனென்றால் கார்த்திகை பிறக்கிறதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் ஒரு துணிப்பையில் நாலு புடவையும் அந்த ரத்த அழுத்தக் கருவியும் எடுத்து வைத்தாள். “பாலம் இல்லைன்னா நர்ஸாவது அந்தப் பக்கம் இருக்கட்டும்” என்றாள். சுடலைவடிவு வீட்டை ஒட்டி ஒரு அறை.

“எத்தனை நாள்?”

“மழை முடியட்டும்.”

மழை மார்கழியில் முடிந்துவிட்டது. அந்த மழையில் ஐந்து நாள் ஓடை நிறைந்து போனது. இரண்டு பிரசவம். இரண்டும் நல்லபடியாக ஆயிற்று என்று கேள்வி. இப்போது பங்குனி. ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை, செருப்புக் காலோடு நடந்து போகலாம். ஆனால் இன்னும் இரண்டு பெண்கள் மாதமாக இருக்கிறார்களாம். இதெல்லாம் நிர்வாகக் காரணங்கள். ஒன்றும் பேசி முறித்துக்கொண்டதில்லை. நாங்கள் சண்டை போடுகிற ஜாதி இல்லை, சார்.

வாரம் ஒரு தடவை நான் போய்விட்டு வருவேன். தை மாதம் படிக்கிற கண்ணாடியைக் கேட்டாள், கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் போர்வை. அப்புறம் அவள் அம்மா படம். இப்போது குக்கர். அடுத்த தடவை தையல் மெஷின் கேட்டிருக்கிறாள், அதைப் பஸ்ஸில் எப்படி ஏற்றுவது என்று தெரியவில்லை. ஒரு ஆட்டோதான் பேசவேண்டும். போனதும் சுடலைவடிவு எனக்கு நாற்காலி எடுத்துப் போடுவாள். மற்றவர்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், தவமணியும்தான். எனக்கு மட்டும் நாற்காலி. ஊரில் இல்லாத மரியாதை அங்கே. டீ வரும். தவமணி என் உள்ளங்கையைப் பிடித்து ஒருதரம் திருப்பிப் பார்ப்பாள், தழும்பு ஆறிவிட்டதா என்று. “அஞ்சு மணி பஸ்ஸை விட்டுட்டா அப்புறம் ஏழு மணிக்குத்தான்” என்பாள். என் சௌகரியத்துக்காகச் சொல்லுவது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை, சார். நான் எல்லாவற்றையும் கணக்கெடுத்தேன். யாரிடம் எத்தனை ஓட்டு, யாருக்கு என்ன ஆதாயம், யார் எதற்குப் பயப்படுவான். ஒன்று விடவில்லை. இவளை எந்தப் பத்தியில் போட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஏழோடு சேர்த்து எட்டு என்று போட்டேன். அது சரிதானே?

விலக்கு வரப்போகிறது. நீங்கள் அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பிஸ்மார்க் விஷயமாக. நான் எழுதினால் போடுவதில்லை. இன்று காலையே உட்கார்ந்து எழுதியிருப்பேன், ரேஷன் கடைக்குப் போகவேண்டியிருந்தது. ஆளுக்கு அரைக் கிலோ சர்க்கரை, எங்கள் கார்டில் இரண்டு பேர், எப்போதும் ஒரு கிலோ. கடைக்காரப் பெண் தராசில் ஒரு கிலோவைப் போட்டுவிட்டு, மெஷினில் விரலை வைக்கச் சொன்னாள். வைத்தேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சார், அம்மா பேரு போன மாசமே தெற்குச்சுனை கடைக்கு மாறிட்டு. உங்க கார்டுல ஒரு ஆள்தான் இருக்கு” என்றாள். தராசில் இருந்ததில் பாதியை அள்ளி மூட்டைக்குள் திருப்பிப் போட்டாள்.